முழுகத் தெரியாத கொடும்பாவி

கராச்சர்மாவில் அந்த வருஷம் அடித்த வெயிலைப் பற்றிச் சொன்னால், டெய்ரி ஃபார்ம் பேட்டையில் இப்போது என்னோடு காலை நடை வருகிற பென்ஷன்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். கோழி அவித்த முட்டை இட்டது. நானே தின்றிருக்கிறேன். உப்பு மட்டும்தான் போட வேண்டியிருந்தது.

சுற்றிலும் கடல், வருஷத்தில் முக்கால்வாசி மழை, இந்தத் தீவில் தண்ணீர்ப் பஞ்சமா என்று மெயின்லேண்டிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். தை கழிந்து வந்து பார்க்க வேண்டும். அறுபதுகளின் நடுவில் வந்த அந்தக் கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் அடியில் ஒரு கண்ணாடிச் சில்லுபோலக் கிடந்தது. வாளியை விட்டால் சேறு வரும், சேற்றோடு தவளை வரும். நீயாவது தண்ணீர் கொண்டுவந்தாயா என்று அந்தத் தவளை நம் முகத்தைப் பார்க்கும்.

அப்போது நான் துறைமுக ஆபீசில் கிளார்க். கல்யாணம் ஆகாதவன். கராச்சர்மாவில் ஒரு நாலாவை ஒட்டித் தகரக் கூரை போட்ட வீடுகள் வரிசையாக இருந்தன. ஓடையை நாங்கள் நாலா என்றுதான் சொல்வோம். இந்தி எங்கள் தமிழுக்குள் உப்புபோலக் கரைந்துபோயிருந்தது. நாலா வளைந்து வளைந்து சிப்பிகாட் பக்கத்து உப்பங்கழியில் போய்ச் சேரும். கடல் ஏறும் நேரத்தில் கழித் தண்ணீர் நாலா வழியாகத் திரும்பி எங்கள் கொல்லைவரை வந்துவிட்டுப் போகும்.

என் அறைக்கு எதிர்வீடு தங்கையா வீடு. தூத்துக்குடிக்காரர். பரம்பரையாகத் தோணிக்குப் பாய் தைத்த குடும்பம். இங்கே படகுப் பட்டறையில் உயிர்காப்புச் சட்டை தைத்துக்கொண்டிருந்தார். தார்ப்பாய்த் துணிக்குள் இலவம்பஞ்சை அடைத்து, மெழுகு நூலால் ரெட்டைத் தையல் போட்டு இழுத்தாரென்றால் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது. அவர் தைத்த சட்டையை மாட்டிக்கொண்டு ஒருவன் சாகலாமென்று கடலில் குதித்தால், ஏமாந்துபோய் வீட்டுக்குத் திரும்பிவந்து சோறு கேட்பான்.

அவர் மனைவி சரசு நிறைமாதமாக இருந்தாள். அது மூன்றாவது. முதல் இரண்டும் மழைக்காலத்தில் பிறந்தவை. குளிர்ந்து குளிர்ந்து, பெயர் வைப்பதற்குள் போய்விட்டன. இரண்டையும் கையில் வாங்கியவள் தனபாக்கியம். மதுரைப் பக்கத்துக்காரி. எங்கள் வரிசையில் பிரசவம் பார்ப்பதும் அவள்தான், சாவுக்கு ஒப்பாரி வைப்பதும் அவள்தான். ஆள் வந்தாலும் போனாலும் அவளிடம் சொல்லிவிட்டுத்தான். இந்தத் தடவையாவது பிள்ளை தங்க வேண்டும் என்று சரசு அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுததை நான் என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன்.

பக்தவத்சலத்தின் மளிகைக் கடை வாசலில்தான் பேச்சு ஆரம்பித்தது. அவர் செங்கல்பட்டுக்காரர். எங்கள் வரிசைக்குத் தலைவர். அப்படி யாரும் நியமிக்கவில்லை, கடையில் பெஞ்சு இருந்தது, அவ்வளவுதான்.

"கொடும்பாவி கட்டி இழுத்துட வேண்டியதுதான்பா," என்றார்.

ஊர்ப் பாவத்தையெல்லாம் ஒரு வைக்கோல் பொம்மையின் தலையில் ஏற்றி, தெருவெல்லாம் இழுத்து, விளக்குமாற்றால் அடித்து, ஒப்பாரி வைத்து, சுடுகாட்டில் எரித்தால் மழை கொட்டும். எங்கள் எல்லோருடைய ஊரிலும் அந்த வழக்கம் இருந்தது.

"வைக்கோலுக்கு எங்க போறது? மாடே தென்னோலையத் தின்னுக்கிட்டு நிக்குது," என்றாள் தனபாக்கியம்.

"தங்கையா இருக்கும்போது வைக்கோல் இன்னாத்துக்கு? தங்கையா, பஞ்சு அடைச்சு ஒரு ஆளைத் தைச்சுக் குடுத்துடு. பஸ், காம் கதம். வேலை முடிஞ்சுது."

"அண்ணாச்சி, நான் சட்டைதான தைக்கேன். உள்ள இருக்க ஆளத் தைக்க மாட்டேனே."

"சட்டைக்குக் கையி காலு வெச்சா ஆளு. தலைய மேல வையி. பெரிய சயின்ஸா?"

"அது சரி," என்று தனபாக்கியம் வெற்றிலையைத் துப்பினாள். "கொள்ளி யாரு வைக்கிறது? எங்க ஊர்ல அதுக்குன்னு ஒரு ஆளு மகன் முறைக்கு நின்னு சட்டி தூக்குவான். இங்க யாரு?"

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் கடையின் கூரையில் ஏதோ அதிசயத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். கொடும்பாவிக்கு மகனாக நிற்க யாருக்கு மனசு வரும்? ஊரிலென்றால் இன்ன வேலைக்கு இன்னார் என்று இருந்தது. தீவில் எல்லோரும் சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்.

"கொள்ளிக்கு ஆளு மெயின்லேண்டுலேர்ந்து கப்பல்ல வரணுமா?" என்றார் பக்தவத்சலம். "கெரசின் கீது. தூரத்துலேர்ந்து பந்தத்தை வீசினா ஆச்சு."

"மகன் இல்லாத சாவு ஆகாது. நான் சொல்றதச் சொல்லிப்புட்டேன்."

யாரும் காதில் வாங்கவில்லை.

தங்கையா தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைத்தார். படகு மூடுகிற பழைய தார்ப்பாய். காட்டோரத்து இலவமரங்களில் வெடித்த பஞ்சு. உள்ளங்கையில் தோல்பட்டையை மாட்டிக்கொண்டு, வளைந்த ஊசியால் குத்திக் குத்தி இழுப்பார். வேலைக்கு நடுவில் சரசு கஞ்சியும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து வைப்பாள்.

"ஏங்க, எரிக்கப் போற சாமானுக்கு எதுக்கு ரெட்டைத் தையலு?"

"கைக்கு வேற தெரியல்லியே, சரசு."

கை வந்தது, கால் வந்தது, விரல்கூட வந்தது. மனுஷன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. டர்போ என்று சொல்கிற சங்கின் வாயை மூடியிருக்குமே ஒரு வட்ட ஓடு, நடுவில் பச்சை ஓடி, பூனைக் கண்போல; அதில் இரண்டைத் தேடி எடுத்து முகத்தில் பதித்தார். மூக்கு வைத்தார். உதட்டை லேசாகத் திறந்ததுபோல் தைத்தார். முடித்துச் சுவரில் சாய்த்து உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பிறகு அவரே துண்டை எடுத்து அதன் முகத்தில் போட்டு மூடினார்.

இழுக்கிற அன்றைக்குப் பகலில் துண்டை எடுத்தார்கள். கூட்டம் இரண்டடி பின்னால் போனது.

"ஐயோ, எங்க பெரியண்ணன்," என்றார் பக்தவத்சலம். அவர் அண்ணன் கப்பலில் வரும்போது காய்ச்சலில் போனவர்.

"என் வீட்டுக்காரரு," என்றாள் தனபாக்கியம். அவள் கணவன் காட்டு வேலைக்குப் போய்த் திரும்பாதவன்.

ஆளாளுக்கு ஒரு செத்தவரின் ஜாடை தெரிந்தது. எனக்கு எங்கள் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியாரின் ஜாடை தெரிந்தது; அவர் அப்போது உயிரோடுதான் இருந்தார், ஆனாலும் நான் கையைக் கட்டிக்கொண்டேன். சரசு மட்டும் வயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேளத்துக்குப் பதில் கெரசின் டின். காலில் கயிறு கட்டி இழுத்தோம். கொடும்பாவியை இழுக்கும்போது எல்லோரும் சிரிக்க வேண்டும், கேலி செய்ய வேண்டும். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. இழுத்த இழுப்பில் அதன் தலை பக்கவாட்டில் திரும்பி, தெருவோரம் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தது. டீக்கடை வாசலில் ஒரு பெங்காலிப் பெரியவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மரியாதையாக, "கோன் மர் கயா, பையா?" என்று கேட்டார். செத்தது யார்?

"கோயீ நஹீ," என்றார் பக்தவத்சலம். யாருமில்லை.

பெரியவர் துண்டை மறுபடி தோளில் போடவில்லை.

தனபாக்கியம் ஒப்பாரியைப் பாதிவரை கொண்டுவந்திருந்தாள். கார்பின்ஸ் கோவ் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு மேகம் வந்தது. மேகமா அது? ராத்திரியை யாரோ பாயாகச் சுருட்டி வைத்திருந்து பட்டப்பகலில் உதறி விரித்ததுபோல் வந்தது. பக்தவத்சலம் பந்தத்தைக் கொளுத்திக்கொண்டிருக்கும்போதே முதல் துளி விழுந்து அணைத்தது. துளி ஒவ்வொன்றும் இளநீர்க் காய் அளவு. ஒன்று என் தலையில் பட்டு நான் உட்கார்ந்தே விட்டேன். பிறகு மழை, இடி. கயிறு, டின், ஒப்பாரி எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் ஓடியது. கூத்தாடிக்கொண்டு ஓடினோம். வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டு ஓடினோம்.

கொடும்பாவி நடுத்தெருவில் மல்லாந்து கிடந்தது.

சந்தோஷம் கிணறு நிறையும்வரை இருந்தது. அதற்குப் பிறகும் மழை நிற்கவில்லை. அடுப்பில் காளான் முளைத்தது. என் மூக்குக்கண்ணாடிக்குள் மீன்குஞ்சு நீந்தியது. அது விளையாட்டு. ஆனால் பக்தவத்சலத்தின் கடைச்சுவர் சரிந்து அரிசி மூட்டை சேற்றில் போனதும், மேட்டிலிருந்து மண் இறங்கி ஒரு வீட்டின் ஆடுகளை மூடியதும் விளையாட்டில்லை. எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கொடும்பாவி எரிந்தால் மழை வரும், தெரியும். எரியாமலே மழை வந்துவிட்டால் அப்புறம் அதை என்ன செய்வது? எந்த ஊரிலும் அதற்கு முறை இல்லை. எந்த ஊர் மழைக்கும் அவ்வளவு அவசரம் இருந்ததில்லை.

"அரைச்சாவு அது," என்றாள் தனபாக்கியம். "பாதிதான் அழுதிருக்கு. அது போகாது."

நாலு பேர் கம்பால் தள்ளிக்கொண்டு போய் உப்பங்கழியில் விட்டுவிட்டு வந்தார்கள். கடல் ஏறியது. நாலா திரும்பியது. தங்கையாவின் பின்வாசலில் கொடும்பாவி வந்து நின்றது. முகம் மேலே, கண் திறந்திருக்க, தலை கதவை மெல்ல மெல்ல முட்டிக்கொண்டு.

மறுபடி கொண்டுபோய் விட்டார்கள். மறுபடி வந்தது. காலில் அம்மிக்கல்லைக் கட்டி அமுக்கினார்கள். அம்மிக்கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தது என்று நான் பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். அறுந்த கயிற்றோடு வந்தது என்பதுதான் உண்மை. அம்மிக்கல் என்னுடையது. அது வரவே இல்லை.

வேறு யார் வீட்டுக்கும் அது போகவில்லை. நாலா வளைகிற இடத்தில் தங்கையாவின் வீடு, அதனால்தானோ என்னவோ. ஆனால் அந்த மழையிருட்டில், தகரம் அதிர, பின்கதவில் 'டொக்... டொக்...' என்று கேட்கும்போது வளைவாவது ஒன்றாவது! எதிர்வீட்டில் இருந்த நான் என் கதவுக்குப் பெட்டியை முட்டுக்கொடுத்து, பெட்டிமேல் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

தங்கையா தன் பின்கதவுக்குக் குறுக்கே பலகை வைத்து ஆணி அடித்துவிட்டார்.

பக்தவத்சலம் தெருவில் நின்றபடியே கத்தினார். "தங்கையா! அது உன் வூட்டாண்டதான் வருது. நீ செஞ்சது. ஒண்ணு அதைக் காலி பண்ணு, இல்லாட்டி நீ காலி பண்ணு!"

"நீங்க கேட்டிய, நான் தைச்சேன். ஊருக்காகச் செஞ்சது. எனக்கும் அதுக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"

"கண்ணு வெய்யின்னு நாங்க கேட்டமா? உதட்டைத் திறந்து வெய்யின்னு கேட்டமா?"

தங்கையா உள்ளே போய் முன்கதவையும் சாத்திக்கொண்டார்.

அன்று பிற்பகலிலேயே சரசுவுக்கு வலி எடுத்தது. தங்கையா குடைகூட எடுக்காமல் ஓடி, தனபாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவள் தெருவோடு நின்றுவிட்டாள். பனையோலைத் தடுக்கைத் தலைக்கு மேல் பிடித்திருந்தாள். கடல் ஏறும் நேரம். பின்னால், டொக்.

"வாங்கக்கா. வலி அதிகமாயிட்டு."

"வரமாட்டேன் தங்கையா. உன் பின்வாசல்ல பாதி அழுத பொணம் கெடக்கு. அழுகைய நடுவுல விட்டுட்டு ஓடுனவ நானு. அது என்னையத்தான் தேடுது. நான் தொட்டா உன் புள்ள தங்காது."

"அப்போ மிச்சத்தையும் அழுதுட்டு வாங்கக்கா. உங்க காலப் பிடிக்கேன்."

"யாருன்னு சொல்லி அழ? அப்பனேன்னா? அண்ணனேன்னா? அன்னைக்கு ஊர்ப்பாவமேன்னு அழுதேன். மழைதான் வந்துருச்சே. இப்ப அது யாரு? முறை சொல்லு, அழறேன்."

தங்கையா மழையில் நின்றார். உள்ளேயிருந்து சரசுவின் குரல் வந்தது. வலியின் குரல் என்று நினைத்தோம். இல்லை.

"ஏங்க! அது நனையுது. உள்ள தூக்கிட்டு வாங்க."

"என்னட்டி சொல்லுத?"

"எத்தனை தடவதான் வந்து தட்டும்? யாரு தைச்சாவளோ அவுககிட்டத்தான வரும்? வேற எங்க போகும், சொல்லுங்க. கதவத் திறங்க!"

அவர் போய்ப் பலகையைப் பிடுங்கினார். ஆணி மரத்திலிருந்து கழன்ற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. இரண்டு கையிலும் அதை ஏந்திக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார். அதன் தலை அவர் தோளில் சாய்ந்திருந்தது. உதடு லேசாகத் திறந்திருந்தது. தெரு மொத்தமும் கதவிடுக்கில் நின்று பார்த்தது.

"என் மகன்," என்றார் தங்கையா.

"பேரு?"

"பேரு வைக்கல இன்னும். பிறந்து எத்தனை நாளு ஆச்சு? பச்சப்புள்ளல்லா."

தனபாக்கியம் தடுக்கைக் கீழே போட்டாள். "பச்சப்புள்ளையா?" என்றாள். "அடப்பாவிகளா, பச்சப்புள்ளைய எரிக்கவா கெளம்புனோம்? பச்சப்புள்ளைய எரிக்கிற வழக்கமே இல்லையேடா! புதைக்கல்ல வேணும்! கொள்ளியும் வேணாம், சட்டியும் வேணாம்." சேலையை இடுப்பில் இறுகச் செருகினாள். "பிள்ளை பொறக்குற வீட்டுல பொணம் இருக்கக் கூடாது. எடு மொதல்ல. நான் உள்ள போறேன்."

'என் ராசா, பேரில்லாம வந்தவனே' என்று அழுதுகொண்டே வெந்நீர் கேட்டாள். 'தொட்டிலுக்கு முன்ன குழிக்குப் போறவனே' என்று அழுதுகொண்டே சரசுவை முக்கச் சொன்னாள். ஒரே வாயில் ஒப்பாரியும் பிரசவமும். உலகத்தில் வேறு எங்கேயும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"தம்பி, காலப் பிடிங்க," என்றார் தங்கையா என்னைப் பார்த்து. பிடித்தேன். நான் பிடித்த கால் என் காலா, அதன் காலா என்று எனக்கு நிச்சயமில்லை; வயல்வரை விடவில்லை என்பது மட்டும் தெரியும்.

வயலோரம், பாக்குமரங்களுக்குப் பக்கத்தில் தங்கையா குழி வெட்டினார். அங்கேதான் அவருடைய இரண்டு பிள்ளைகளும். வெட்ட வெட்ட நீர் ஊறியது. கொடும்பாவியை உள்ளே வைத்து ஒரு கூடை சேறு போட்டோம். தண்ணீர் குழியை நிறைத்தது. சேறு மெதுவாக விலகியது. அந்தத் தார்ப்பாய் மனிதன் எங்கள் முன்னால் எழுந்து உட்கார்ந்தான்.

நான் எப்போது பாக்குமரத்தில் ஏறினேன் என்று தெரியாது. வழுக்கு மரத்தில், மழையில், வேஷ்டியோடு. உச்சியில் இருந்துகொண்டுதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

தங்கையா அதன் நெஞ்சில் கை வைத்து அமுக்கினார். விட்டால் எழுந்தது. அமுக்கினார். எழுந்தது. "முழுகுடா... முழுகிருடா..." என்று கெஞ்சினார். அந்தக் கை ஆயுள் முழுக்க ஒரே காரியத்தைத்தான் கற்றிருந்தது. முழுகவிடாமல் வைப்பது. குழியின் சேற்றில் உட்கார்ந்து குழந்தைபோல அழுதார். பிறகு மடியிலிருந்து பட்டறைக் கத்தியை எடுத்தார்.

வெட்டவில்லை. கிழிக்கவுமில்லை. கழுத்தடியிலிருந்து ஆரம்பித்துத் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். போட்ட வரிசைக்கு எதிர்வரிசையில். "பொறு... கொஞ்சம் பொறு, இந்தா ஆச்சு..." என்று, முள் எடுக்கும்போது பிள்ளையிடம் பேசுவதுபோலப் பேசிக்கொண்டே. நெஞ்சு திறந்தது. உள்ளே பஞ்சு, மரத்தில் வெடித்த அன்றைக்கு இருந்ததுபோல, வெள்ளை வெளேரென்று. இத்தனை நாள் மழை, கழி, கடல். ஒரு சொட்டுகூட உள்ளே போயிருக்கவில்லை.

அதைச் சேற்றில் போட அவர் கைக்கு வரவில்லை. பட்டறைச் சாமானுக்கென்று தோளில் கிடந்த தார்ப்பாய்ப் பையில், மழை படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு, அள்ளி அள்ளித் திணித்துக்கொண்டார். வெறும் தோல் மட்டும் தண்ணீரைக் குடித்து, ஒரு பெருமூச்சு விட்டதுபோல் குமிழி விட்டு, இறங்கியது. கடைசியாக முகம். தன் துண்டை எடுத்து அந்தப் பச்சைக் கண்களின் மேல் போட்டு, மண்ணைத் தள்ளினார்.

மண் அங்கேயே நின்றது. எழவில்லை.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அழுகை எதுவும் கேட்கவில்லை. தனபாக்கியம் வாசலுக்கு ஓடிவந்தாள். கையில் ஒரு பெண்குழந்தை. நீலம் பாரித்து, சுருங்கி, சத்தமில்லாமல்.

"குளுந்துக்கிட்டே போகுது. காஞ்ச துணி குடுங்கடா! ஒரு காஞ்ச துணி!"

ஊரில் எங்கே இருந்தது காய்ந்த துணி? பெட்டிக்குள் இருந்ததும் சொதசொதத்துக் கிடந்தது. பக்தவத்சலம் தன் கடையிலிருந்து கோணி கொண்டுவந்தார், அதிலும் தண்ணீர் சொட்டியது. அவருடைய கண் தங்கையாவின் தோள்பையைப் பார்த்தது. எல்லோருடைய கண்ணும் பார்த்தது.

"வேணாம்," என்றார் பக்தவத்சலம். "வேணாம் தங்கையா. அது கொடும்பாவியோட நெஞ்சு."

தங்கையா பையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றார். தனபாக்கியம் அவரைப் பார்த்தாள், குழந்தையைப் பார்த்தாள். பாயில் கிடந்த சரசு கையை மட்டும் நீட்டினாள்.

"குடுங்க."

பையைக் கவிழ்த்தார். அந்த வீட்டின் ஈர இருட்டில் பஞ்சு ஒரு மேடாக விழுந்தது. குழந்தையை அதற்குள் வைத்து, கழுத்துவரை மூடினார்கள். நாங்கள் பஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரமென்று கேட்டால் இரண்டு கப்பல் வந்து போகிற நேரம் என்பேன். பிறகு பஞ்சு அசைந்தது. ஒரு தும்மல். அதற்குப் பின்னால் ஒரு வீறல். அதில் தகரக் கூரை அதிர்ந்தது என்று நான் சொன்னால் இந்த ஒரு தடவை நம்பிக்கொள்ளுங்கள்.

மழையா? அது நிற்கவில்லை. பருவமழை அது. எதற்காகவும் வந்ததில்லை, எதற்காகவும் போகாது என்று பிற்பாடு நாங்கள் பேசிக்கொண்டோம்.

அன்றைக்கு எல்லோரும் வந்து குனிந்து குழந்தையைப் பார்த்தார்கள். பிறந்த பிள்ளையைப் பார்த்தால் நம் வாயில் முதலில் வருவது ஒரே கேள்விதான். யார் ஜாடை? அப்பனா, அம்மாவா, அத்தையா? பக்தவத்சலம் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். தனபாக்கியம் கேட்கவில்லை. நான் கேட்கவில்லை. பஞ்சுக்கு நடுவே அந்த முகம் தூங்கியது. உதடு லேசாகத் திறந்திருந்தது.

சரசு எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளையின் நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு இழைப் பஞ்சை எடுத்துவிட்டு, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

"அவ அண்ணன் ஜாடை."